பதினைந்து நூல் உயரம்

என் வீட்டு மாடிப்படியில் கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட உயரம் அதிகம். அந்தத் தப்பைச் செய்தவன் நான். தெரிந்தே அதை என் மகளின் தலையில் போட்டேன். அது போதாதென்று, பிறகு சாமியின் தலையிலும் போட்டேன்.

சொல்ல வந்தது இவ்வளவுதான். இதை எழுத ஐந்து வருஷம் தயங்கினேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் மருதமலை ஏறும்போது, "இறங்கியதும் எழுதிவிடுகிறேன் முருகா" என்று வேண்டிக்கொள்வேன். இறங்கியதும் பஸ்ஸில் இடம் பிடிக்கிற அவசரத்தில் மறந்துபோகும்... மறந்துபோகும் என்றா எழுதினேன்? பொய்! ஒரு நாளும் மறக்கவில்லை. மறந்தவன்போல இருந்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். கணபதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைவது என் வேலை. தலைமுடியில் பாதி பிசகினாலும் அந்த ஷாஃப்ட் கழிவுதான். இருபது வருஷத்தில் என் கையால் கழிவு போனவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இப்போதும் உண்டு. அதை மறைக்கமாட்டேன்.

அந்தப் பெருமையில்தான் மாடிப்படியை நானே கட்டினேன்.

கீழே ஒரே அறை. நாங்கள் நான்கு பேர். மகள் யாழினிக்கு அப்போது ஐந்து வயது. மகன் கவினுக்கு ஒன்றரை. மேலே பிள்ளைகளுக்கு ஓர் அறையும், அதன் மூலையில் பூஜை அலமாரியும் வேண்டும் என்று என் மனைவி சுமதிக்கு ஆசை. கான்கிரீட் போட மட்டும் ஆள் வைத்தோம். மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே. நான் செங்கல் அடுக்குவேன், சுமதி கலவை குழைத்துத் தருவாள், யாழினி ஒரு பொம்மைக் கரண்டியால் மணலை அள்ளி அள்ளித் தன் தம்பியின் தலையில் போடுவாள். அந்த ஞாயிறுகளைப்போல ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பதினைந்து படி. படி எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். முதல் படியில் 'லாபம்', அடுத்ததில் 'நஷ்டம்' என்று எண்ணிக்கொண்டே ஏறினால், மாடியில் கால் வைக்கும்போது 'லாபம்' வர வேண்டும். ஒவ்வொரு படியும் ஏழு அங்குலம். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நட்ட நடுவில் நிற்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்!

ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். நான் அளந்தது வெறும் கான்கிரீட் வரைக்கும். அதன்மேல் கலவை போட்டு டைல்ஸ் ஒட்டினால் மாடித் தரை உயரும் அல்லவா? அந்தக் கனத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. டைல்ஸ் ஒட்டி முடித்த அன்று கடைசிப் படியில் கால் வைத்தேன். இடறியது.

டேப் வைத்து அளந்தேன். ஒன்பது அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நாங்கள் ஒரு நூல் என்போம். பதினைந்து நூல் அதிகம்.

இதற்கு மருந்து என்னவென்று ஒரு நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. பதினைந்து நூல், பதினைந்து படி. முதல் படியிலிருந்தே ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ஒரு நூல் கூட்டினால் எல்லாம் சமமாகிவிடும். மேலே போகப் போகக் கலவையின் கனம் கூடும், அவ்வளவுதான். இரண்டு ஞாயிறு வேலை.

ஆனால் படிகளுக்கெல்லாம் ரெட் ஆக்சைடு பூசி, கண்ணாடிபோலத் தேய்த்து முடித்துவிட்டேன். மறுநாள் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. உறவெல்லாம் வரப்போகிறது. அதனால் இப்போதைக்கு இருக்கட்டும் என்று, கடைசி ஏற்றத்துக்குக் கீழே ஒரு கடப்பா கல் துண்டை அரைப்படியாகப் பதித்தேன். கால் இடறாது. யாருக்கும் ஆபத்தில்லை.

காலையில் முதல் ஆளாக வந்தவர் என் மாமனார். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினார். "லாபம்... நஷ்டம்... லாபம்..." உச்சியில் போய் நின்றவர் திரும்பினார்.

"ஏனுங் மாப்ள, நஷ்டத்துல வந்து நிக்குதுங்களே! பதினாறு ஆகுது."

"பதினஞ்சுதானுங் மாமா."

"அப்ப இந்தக் கல்லுத் துண்டு என்னத்துக்குங்? அளவு கிளவு தப்பிப்போச்சுங்களா?" என்று சிரித்தார். கீழே நின்றவர்களைப் பார்த்து, "தலைமுடியை ரெண்டாப் பொளந்து அளக்கறவருன்னு சொல்லித்தானுங்க நம்ம புள்ளையக் குடுத்தோம்!" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். சுமதியும்கூட.

"அளவெல்லாம் தப்பலீங்" என்றேன். "சும்மா அழகுக்கு வெச்சதுங். இப்பவே எடுத்துப்போடறேன்."

உளியும் சுத்தியலும் எடுத்துவந்து, அத்தனை பேர் முன்னாலும் அந்தக் கல்லைப் பெயர்த்துப் போட்டேன். பதினைந்து! லாபம்! மாமனார் முதுகில் தட்டிக்கொடுத்தார். பால் பொங்கியது. எனக்கும் மனம் பொங்கியது. மறைப்பானேன்... அன்று நான் வெட்கப்படவே இல்லை.

ஒரு கல்லை எடுத்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன். என் பிள்ளையின் காலடியில் இருந்ததையல்லவா எடுத்தேன்!

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. சுமதி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கீழே குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். காலியான கிளிப் கூடையைத் தூக்கிக்கொண்டு யாழினி இறங்கினாள். மாடித் தரையிலிருந்து முதல் காலை வைத்தாள். கால் தேடிய இடத்தில் படி இல்லை.

நான்கு படி உருண்டாள். மோவாய் பிளந்துவிட்டது.

மூன்று தையல். என் மடியில் படுக்க வைத்துத்தான் போட்டார்கள். நர்ஸம்மா கேட்டார்: "எப்படிங்க விழுந்தா?"

ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை நான். "பராக்குப் பாத்துக்கிட்டே எறங்கீட்டாங்" என்றேன்.

மடியில் கிடந்தபடியே அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. 'ஆமாம்' என்று தலையை ஆட்டினாள்... ஐந்து வயதுப் பிள்ளை! அப்பா சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. தம்ளர் கைதவறினால், "பராக்கு!" பென்சில் தொலைந்தால், "பராக்குதானே நீயி!" சுமதி சொன்னாள், மாமனார் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவில்லை. அதனால் நான் நல்லவனா? சொல்லாமல் இருந்ததுதானே என் குற்றம்!

பிறகு ஏன் படியைச் சரிசெய்யவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள். கலவையை எடுத்தால், 'ஏன்' என்று சுமதி கேட்பாள். அதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

இனி நான் சொல்லப்போவது என் மகளின் பெருமை. இதைச் சொல்லும்போது என் நெஞ்சு நிமிர்வதை என்னால் தடுக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் கவின் படியில் ஏறி இறங்கப் பழகினான். ஒருநாள் மேலே பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாடித் தரையின் விளிம்பில் அவனை நிறுத்தி யாழினி பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"டேய் கவினு, இது சாமி படி. நின்னுட்டு எறங்குனா சாமி கோவிச்சுக்கும். உக்காந்து, கும்புட்டுப்போட்டு, அப்புறம்தான் கால வெக்கோணும்."

"சாமி எங்கக்கா?"

"உள்ளுக்குள்ள."

"மூச்சு முட்டாதா?"

"சாமிக்கு மூச்சே வேண்டாம்டா லூசு. உக்காரு."

அவன் உட்கார்ந்தான். கும்பிட்டான். காலை நீட்டிப் படியைத் தொட்டு இறங்கினான். அன்று முதல் இன்று வரை என் மகன் அந்தப் படியில் ஒரு முறைகூட விழுந்ததில்லை! நான் செய்யத் தவறியதை அந்த ஆறு வயதுப் பிள்ளை செய்தாள். கலவை இல்லாமல், கரண்டி இல்லாமல் என் படியைச் சரிசெய்தாள்.

சுமதிக்கு அது பிடித்துப்போயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கடைசி ஏற்றத்துக்கு மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டு வைக்க ஆரம்பித்தாள். வருகிறவர்கள் குனிந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினார்கள். குனிந்தவர்கள் இடறவில்லை. "உங்க ஊட்டுல என்ன பக்திங்க!" என்றார்கள்.

நான் தினமும் விபூதி பூசுகிறவன். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிறவன். என் கண் முன்னால், என் கைப்பிழைக்கு மஞ்சள் குங்குமம்! நானும் தொட்டுக் கும்பிட்டேன். என்னவென்று கும்பிட்டேன்? அதை இன்று வரை என்னால் சொல்ல முடியவில்லை...

இந்த வருஷம்தான் அடுத்தது நடந்தது. யாழினிக்குப் பத்து வயது. வீட்டில் உள்ள பொருள்களை அளந்து எழுதி வரச் சொல்லியிருந்தார்கள் பள்ளிக்கூடத்தில். என் டேப்பை வாங்கிக்கொண்டு போனாள். நுனியை இறுக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவு படித்தாள். அச்சு அசல் நான்! பட்டறையில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது.

"அப்பா, எல்லாமே ஏழுங்ப்பா. சாமி படி மட்டும் ஒம்போதுக்குக் கொஞ்சூண்டு கம்மி. ஏனுங்ப்பா?"

வழி திறந்துவிட்டது. முருகனே அந்த டேப்பை அவள் கையில் கொடுத்து அனுப்பியதுபோல இருந்தது. "அப்பா தப்பா அளந்துபோட்டேன் கண்ணு" என்று சொன்னால் போதும். நான்கே வார்த்தை!

நான் சொன்னது இது: "அது சாமி படியல்லோ அம்மணி. அத அப்படித்தான் ஒசத்திக் கட்டோணும்."

அவள் முகம் மலர்ந்தது. நோட்டில் எழுதினாள். 'எங்கள் வீட்டில் சாமி படி இருக்கிறது. அது மற்றப் படிகளைவிட உயரமானது. என் அப்பா கட்டியது.' அதற்கு டீச்சர் நட்சத்திரம் போட்டு அனுப்பினார். அந்தப் பக்கத்தைச் சுமதி பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள். தினமும் அதன் முன்னால்தான் நான் கண்ணை மூடி நிற்கிறேன்.

குழந்தையை ஏமாற்றியது ஒரு பாவம். அவள் கட்டிய அந்தச் சின்னச் சாமியையும் என் பொய்க்குச் சாட்சியாக்கினேனே, அதை எதில் சேர்ப்பது?

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது.

சித்திரையில் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் நோம்பி, அதாவது திருவிழா. இந்த முறை யாழினி தீர்த்தக்குடம் எடுக்கட்டும் என்றாள் சுமதி.

"நான் வேண்டாம்மா. நான்தான் பராக்காச்சே. கீழ போட்டுருவேன். கவினு எடுக்கட்டும்" என்றாள் யாழினி. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தன் பேரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீ எடு கண்ணு. அப்பா பின்னாலயே வாரேன்" என்றேன்.

எடுத்தாள். மஞ்சள் பாவாடை, வேப்பிலை, தலையில் குடம். தார் ரோடு கொதித்தது. செருப்பில்லாத கால். மேளக்காரர்கள் முன்னால், கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு பின்னால். பள்ளமும் மேடுமாக ஒன்றரை மைல். ஒரு சொட்டுச் சிந்தவில்லை என் மகள்! கோயிலில் ஒரு பெரியம்மா, "யார் ஊட்டுப் புள்ளைங்க இது, இத்தன பதனமா நடக்குது?" என்று கேட்டார். "என் மகளுங்க" என்றேன். அந்த ஒரு நாளுக்காகவே நான் பிறந்திருக்கலாம் என்று தோன்றியது.

அம்மனுக்கு ஊற்றிய பிறகு, பூசாரி குடத்தில் கொஞ்சம் தீர்த்தம் விட்டுக் கொடுத்தார். அதைப் பூஜை அலமாரியில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து படி ஏறினாள். நான் பின்னால். ஒன்று, இரண்டு, மூன்று... கால் ஒரே சீராக விழுந்தது. பதினான்காவது படியில் நின்றுவிட்டாள்.

குடத்தை இறக்கி என் பக்கம் நீட்டினாள்.

"இங்க மட்டும் நீங்க வாங்கிக்கோங்ப்பா. நான் உழுந்துருவேன்."

ஊரெல்லாம் சிந்தாமல் நடந்தவள்... தன் சொந்த வீட்டில், தன் அப்பன் கட்டிய படியில்...

வாங்கிக்கொண்டேன். அவள் குனிந்து மஞ்சளைத் தொட்டுக் கும்பிட்டாள், காலை உயர்த்தி ஏறினாள், மேலே நின்று கையை நீட்டினாள். கொடுத்தேன். வாயைத் திறந்தேன். மோவாயில் அந்தத் தழும்பு தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இன்றைக்கும் அந்தப் படி அப்படியேதான் இருக்கிறது. இதை எழுதிவிட்டதால் பாரம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் குறையவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களில் வீடு கட்டுகிறவர்கள் இருப்பீர்கள், பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு, 'அவன் தெரியாமல் செய்துவிட்டான்' என்று மாற்றாதீர்கள். கோபப்பட்டு இரண்டு அங்குலம் என்று கூட்டவும் வேண்டாம். அளந்தது நானும் என் மகளும். இரண்டு பேர் அளவும் ஒன்றுதான். பதினைந்து நூல். ஒரு நாள் யார் வழியாகவாவது இது அவள் காதில் விழும்போது, அந்த அளவு சரியாக இருக்கட்டும். அவள் கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்குப் பராக்கு கிடையாது. ஒரு நாளும் இருந்ததில்லை.