செல்வநாதன் அலறிய புதன்கிழமை

எங்கள் சர்ச் சபையில் செல்வநாதன் பாடுகிறானா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. உதடு அசையும், அவ்வளவுதான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், பக்தவச்சலம் முதலாளியின் யார்டில் அவனுக்குத் தகடு அறுக்கும் கேஸ் கட்டிங் வேலை. அங்கேயும் அப்படித்தான். வாசலில் டீக்கடை வைத்திருக்கும் என்னிடம் டீ கேட்க விரலைத்தான் காட்டுவான்.

அந்தப் பிள்ளை ஹெவி மெட்டல் பாடுகிறான் என்றால் யார் நம்புவார்கள்? லாரி கிளம்புகிற மாதிரி உறுமிக்கொண்டே வந்து, திடீரென்று உச்சத்தில் அலறுவான். டிரம்ஸ் அடிப்பது அஃப்ரித். தகட்டுக் கடையில் பில் போடுகிறவன். ஒரு வேளைத் தொழுகையைக்கூட விடமாட்டான். கிட்டார் ஷாலு. வியாசர்பாடிப் பெண், டயாலிசிஸ் சென்டரில் நைட் டூட்டி. ஊசி குத்துவதே தெரியாமல் குத்துவாளாம். இந்த மாதிரிப் பாட்டுக்கு முரடர்கள்தான் போவார்கள் என்று நினைத்திருந்தேன். வந்து சேர்ந்ததெல்லாம் பூனைக்குட்டிகள்!

வீட்டில் பாடினால் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். அதனால் முதலாளியைக் கெஞ்சி, யார்டின் பின்பக்க ஷெட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழகினார்கள். லாரியிலிருந்து தகடு இறக்கும் சத்தத்தில் எந்தப் பாட்டும் வெளியே கேட்காது. முதலாளி ஒன்றுதான் சொல்லியிருந்தார்.

"யாவாரத்துக்கு பேஜாருன்னு தெரிஞ்சுது, அன்னியோட மூட்டை கட்டிக்கினு போய்னே இருக்கணும்."

வரும் ஞாயிற்றுக்கிழமை நுங்கம்பாக்கத்தில் அவர்களுக்கு முதல் மேடை. பழகுவதற்கு வேறு இடம் கிடையாது.

புதன்கிழமை மட்டும் பழகமாட்டார்கள். அன்று நடுப்பகலில் ராகு காலம். எங்கள் கடை வரிசையில் அந்த நேரத்தில் ஒரு கம்பியைக்கூட இறக்கமாட்டார்கள். இந்த வாரம், மேடை நெருங்கிய அவசரத்தில் மூன்று பேருக்கும் கிழமையே மறந்துபோனது. லாரிச் சத்தம் இருக்கும் தைரியத்தில் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். வெளியே மேஸ்திரி அப்பாவு கையைத் தூக்கினார். கிரேன் நின்றது. தெருவே அடங்கிப்போனது. உள்ளே அப்போதுதான் டிரம்ஸும் கிட்டாரும் நின்று, செல்வநாதன் மட்டும் தனியாக அலறவேண்டிய இடம் வந்திருந்தது.

அலறினான்.

இரும்பு மார்க்கெட்டில் அலறல் கேட்டால் ஒரே அர்த்தம்தான். யார் கால்மேலோ தகடு விழுந்துவிட்டது.

"கர்த்தரே!" என்று பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினேன். லோடுமேன்கள் ஆளைத் தூக்கிப் போகப் பலகையோடு ஓடினார்கள். ஒருவர் தண்ணீர்க் குடத்தோடு. பக்கத்துக் கடைக்காரர் ஓர் ஆட்டோவையே உள்ளே கூட்டி வந்துவிட்டார். முதலாளி செருப்பில்லாமல், கழுவாத சோற்றுக் கையோடு வந்து நின்றார்.

ஷெட்டில் செல்வநாதன் மைக்கோடு நின்றான். இரண்டு காலும் பத்திரமாக இருந்தன.

"யார்ரா மாட்னது?" என்றார் முதலாளி.

"யாரும் இல்ல மொதலாளி. பாட்டு" என்றான் அஃப்ரித்.

"பாட்டா? இதுவா? எம் மூச்சே நின்னுபூட்ச்சிடா, கஸ்மாலம்! கட்றா எல்லாத்தையும்!"

ஷாலு கிட்டார் ஒயரைப் பிடுங்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது. செல்வநாதன் ஏதோ முணுமுணுத்தான்.

"இன்னா சொல்றான்?" என்றார் முதலாளி.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வுடச் சொல்றான்" என்ற அப்பாவு, அவன் பக்கம் திரும்பினார். "ஏன்டா, அப்போ ஊரே ஓடியார மாரி கத்துன. இப்போ வாயத் தொறந்து கேளுன்னா கொசு மாரி பேசுற?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"மொதலாளி, பலகைய வேற தூக்கினு ஓடியாந்துகீறோம்" என்றார் அப்பாவு. "ராகு காலம் முடியிற வரைக்கும் நமக்கு இன்னா வேல கீது? ஒரு பாட்டு முழுசா கேட்டுட்டுதான் போவோமே."

முதலாளி ஆங்கிள் கம்பிக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

பாடினார்கள். நெருப்புப்பொறியில் நின்று தகடு அறுக்கிறவனின் தோள் எரிச்சலைப் பற்றிய பாட்டு. எனக்குப் பாதிதான் புரிந்தது. லோடுமேன்களுக்கு முழுதும் புரிந்திருக்கவேண்டும். ஒவ்வொரு தலையாக ஆட ஆரம்பித்தது. மேஸ்திரி அப்பாவுவின் தலைத்துண்டே கழன்று விழுந்தது. முதலாளி கையில் சோறு காய்ந்துபோயிருந்தது. ஆனால் கழுவ எழுந்துபோகவில்லை.

பாட்டு முடிந்தது. முதலாளி எழுந்துபோய், நீளக் கம்பி ஏற்றிய லாரியின் பின்னால் கட்டும் சிவப்புத் துணி ஒன்றை எடுத்து வந்து, ஷெட் வாசலில் தன் கையாலேயே கட்டினார்.

"இது தொங்கினா, பாட்டுன்னு அர்த்தம். எவனும் ஓடியாரக் கூடாது. சுகிர்தம்க்கா, உனக்கும்தான்."

"ஸ்தோத்திரம்!" என்றேன்.

ஆட்டோக்காரர் அதுவரை ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அணைத்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். "வண்டி சத்தத்துல எனக்குப் பாதிதானே கேட்டுது" என்றார். "மொதல்லேர்ந்து எடு, தம்பி."