காரணப் பெட்டியில் ஒரு புள்ளி

கிளிநொச்சியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் மென்பொருள் அலுவலகம் இருந்தது. பால் சேகரிப்பு நிலையங்களுக்கான ஒரே மென்பொருளை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாற்றி விற்றோம். எந்த நிலையத்துக்கு என்ன தேவை, கேட்டவர் யார், அது எல்லோருக்கும் பொதுவா, ஒருவருக்கு மட்டுமா என்று பதிந்து வைக்கவே தனியாக ஒரு கருவி. அதில் ஏற்பதும் நிராகரிப்பதும் என் கையில். நிராகரித்தால் காரணம் எழுதாமல் கருவி விடாது. வெறும் புள்ளி வைத்தாலும் விட்டுவிடும் என்பதை முதல் கிழமையே கண்டுபிடித்துவிட்டேன்.

அவள் சோதனைப் பிரிவுக்குப் புதிதாக வந்தவள். ஊர் மல்லாவிப் பக்கம்; மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஒரு மாட்டை வைத்து, அங்குள்ள நிலையத்துக்குப் பால் விற்றுத்தான் தாய் அவளைப் படிப்பித்திருந்தார். வந்த மாதமே என் பிழையொன்றை முதலாளிக்கு முன்னால் எடுத்துக் காட்டினாள். பிழை என்னுடையதுதான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் பேசும் விதத்தை, அவள் காதில் விழும்படியே, மற்றவர்களுக்கு நடித்துக் காட்டத் தொடங்கினேன்.

ஒருநாள் அவள் ஒரு தேவையைப் பதிந்தாள். பால் திருப்பி அனுப்பப்பட்டால் ஏன் என்பது நிலையத்தின் திரையில் தெரிய வேண்டும். கேட்டவர் என்ற இடத்தில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தாள். கூட்டத்தில் அதைப் பெரிய திரையில் போட்டேன்.

“கொம்மாவும் எங்கட வாடிக்கையாளரோ?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். நான் புள்ளியை வைத்தேன்.

புதிதாக எதுவும் செய்யத் தேவையிருக்கவில்லை. கிளிநொச்சி நிலையத்துக்குக் கொடுத்ததில் அந்த வசதி ஏற்கெனவே இருந்தது. மல்லாவி நிலையத்துக்கு நேரே ஒரு சரி அடையாளம் போட்டால் போதும்.

சில கிழமைகள் கழித்து என் மேசைக்கு வந்தாள். பத்து நாளாக அம்மா கொண்டுபோகும் பாலைத் திருப்பி அனுப்புகிறார்களாம். திரையில் ‘நிராகரிப்பு’ என்று மட்டும் வருகிறதாம். நிலையத்தில் இருப்பவர்களுக்கும் ஏனென்று தெரியாதாம்.

“காரணம் மட்டும் தெரிஞ்சா போதும் அண்ணா. அம்மா தண்ணி கலக்குறாங்கன்னு ஊரே பேசுது.”

“முறைப்படி திரும்பப் பதியும், பாப்பம்,” என்றேன்.

பதிந்தாள். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் இரண்டாவது புள்ளியையும் வைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

அடுத்த மாதம், தாய் மாட்டை இறைச்சிக்கு விற்றுவிட்டார் என்று சாப்பாட்டு நேரத்தில் யாரோ சொன்னார்கள். நிலையங்களின் பதிவுகளைத் திறக்கும் அனுமதி அலுவலகத்தில் எனக்கும் முதலாளிக்கும் மட்டும்தான். அன்றுதான் மல்லாவிப் பதிவைத் திறந்தேன். பாலைச் சோதிக்கும் இயந்திரம் நாள் தவறாமல் காரணத்தை எழுதி வைத்திருந்தது. தண்ணீர் அல்ல, மடிநோய். வெளியில் தெரியாத ஆரம்ப நிலை. மிருக வைத்தியரிடம் காட்டியிருந்தால் சில நாள் மருந்தோடு போயிருக்கும்.

பயத்தில் மல்லாவிக்கு நேரே சரி போட்டேன். மறுநாள் அங்குள்ள திரையில் பழைய நாட்களின் காரணங்களும் சேர்ந்தே வந்தன. நிலையத்தார் தாயைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய விலகல் விண்ணப்பம் என் கணினிக்கு வந்தது. அதிலும் ஒரு காரணப் பெட்டி உண்டு, நிரப்பாமல் அனுப்ப முடியாது. அவள் ஒரு புள்ளி வைத்திருந்தாள்.

“நல்ல பிள்ளையெல்லோ, என்ன காரணமாம்?” என்று முதலாளி கேட்டார்.

“தெரியேல்லை,” என்றேன்.