கயிறு டீச்சரும் எங்கள் ஊர் மூட்டைகளும்

மாசி மாதம், வெள்ளிக்கிழமை. காலை 7.10-க்கு எங்கள் ஊர் மெயின் ரோட்டில் பஸ் ஏறும்போதே எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. பஸ் மேல் இல்லை, அக்கா மேல். சீர்காழிக்குக் கிழக்கே ஒரு கடலோரக் குப்பத்தில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறாள். சுனாமியைக் கண்ணால் பார்த்தவள். அப்படியும் அந்த ஊரை விட மாட்டேன் என்கிறாள். முந்தின நாள் போனில், "ரெண்டு வாரமா தூக்கம் இல்லடா, ஒரு நடை வந்துட்டுப் போ" என்றாள். பின்னே, கடலைக் காலடியில் வைத்துக்கொண்டு படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? சீர்காழிக்கு மாறுதல் கேட்டு மனு டைப் அடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இன்று கையெழுத்து வாங்காமல் திரும்புவதில்லை.

சீர்காழி ஒன்பது கிலோமீட்டர், டிக்கெட் பத்து ரூபாய். ரோட்டின் இருபுறமும் அறுவடை முடிந்த வயல்கள். எங்கள் அறுப்பும் முடிந்தது. ஆனால் கொள்முதல் நிலையத்து வாசலில் எங்கள் நெல் நாள்கணக்கில் மழையில் நனைந்ததே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. மூட்டையைக் கூரைக்குக் கீழே கொண்டுபோகும்வரை எழுந்திரிக்க மாட்டோம் என்று நடுரோட்டில் உட்கார்ந்தோம். அதிகமாகக் கத்தியது நான்தான். மறுநாளே லாரி வந்து அள்ளிப்போனது. ஜெயித்துவிட்டோம் என்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

8.20. சீர்காழியிலிருந்து டவுன் பஸ். பதினாலு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். பத்து கிலோமீட்டர் தாண்டினால் வயல் முடிந்து இறால் பண்ணைகள், அப்புறம் சவுக்கு, அப்புறம் உப்புக் காற்று. இறங்கியதும் ஆட்டோ.

"எங்க சார் போகணும்?"

"அங்கன்வாடி டீச்சர் வீட்டுக்கு."

"நம்ம கயிறு டீச்சரா? ஏறுங்க, அறுபது ரூபா கொடுங்க."

கயிறு டீச்சரா? டிரைவரே சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு, அலை வந்தால் ஏறிப் பழகட்டும் என்று அக்கா பதினாலு பிள்ளைகளைக் கயிற்றைப் பிடிக்கவைத்து, புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போவாளாம். அந்த நேரம் தெருவில் ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிவிடுவார்களாம். "ரெண்டு வாரமா காணோம் சார். உடம்பு சரியில்லையோ?"

அக்கா உடம்புக்கு ஒன்றுமில்லை. வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே நுழைந்ததும் மனுவை நீட்டினேன். "கையெழுத்துப் போடு. பயந்துகிட்டே இங்க என்னத்துக்குக் கிடக்கிற?"

"பயந்தா ஓடிடணுமா? நான் போயிட்டா அலை வராதா? இல்ல, இந்தப் பிள்ளைங்களும் எங்கூட சீர்காழிக்கு வந்துடுமா?" என்றாள். ஆணியில் மாட்டியிருந்த நைலான் கயிற்றை எடுத்துக் காட்டினாள். சாண் விட்டுச் சாண் முடிச்சு. ஒரு பிள்ளைக்கு ஒரு முடிச்சு. "அன்னைக்கு எனக்கு ரெண்டு கைதான்டா இருந்துச்சு. ஒரு கையில என் பிள்ளை, ஒரு கையில பக்கத்து வீட்டுப் பிள்ளை. மூணாவதா ஒண்ணு என் சேலையைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்துச்சு. தண்ணியில பிடி விட்டுப்போச்சு."

என் நாற்பத்தெட்டு வயதில் இதை முதல்தடவையாகக் கேட்கிறேன். இத்தனை வருஷமாகச் சொல்லவே இல்லை. நானும் கேட்டதில்லை.

"கயிறு கட்டினதுலேர்ந்து தூங்கினேன். மாடிக்கு ஏழு நிமிஷம், அது போதும்னு தெரியும். இப்ப வந்து பாரு, ஏன் தூங்கலன்னு."

10.30. புயல் பாதுகாப்புக் கட்டடம். வழியில் அங்கன்வாடியிலிருந்து அக்கா கூட்டிக்கொண்ட பிள்ளைகளும் கயிற்றோடு பின்னாலேயே வந்தார்கள். அடப்பாவிகளா! கூடம் முழுக்க நெல் மூட்டை. கூடம் நிறைந்து, மாடிப் படியிலும் ஏழெட்டுப் படிக்கு மூட்டை. ஒரு பூனை ஏற வழியில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. "எந்த மடையன்யா படியில அடுக்கினது? நாளைக்கே அலை வந்தா இந்தப் பிள்ளைங்க எங்கய்யா ஏறும்?" என்று அங்கிருந்த வாட்ச்மேனைப் பிடித்து உலுக்காத குறை.

"என்னை ஏன் சார் திட்டுறீங்க? எங்கயோ விவசாயிங்க மறியல் பண்ணாங்களாம். கூரை இருக்கிற இடமா பார்த்து இறக்கிட்டுப் போயிட்டாங்க."

குனிந்து சாக்கைப் பார்த்தேன். நீல மையில் அச்சடித்த கொள்முதல் நிலையத்தின் பெயர். எங்கள் ஊர்ப் பெயர்.

கூரை கேட்டோமே தவிர, யாருடைய கூரை என்று ஒருத்தன் கேட்டோமா? டீ வேறு வாங்கிக் கொடுத்தேனே! வாட்ச்மேனைத் திட்டிய வாயாலேயே என்னைத் திட்டிக்கொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள். நாலு வார்த்தை வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மேல் மூட்டையைத் தோளுக்கு இழுத்தேன்.

"சார், கை வைக்காதீங்க! கவர்மெண்ட் மூட்டை!"

"எங்க ஊரு நெல்லுய்யா இது. கேஸ் போட்டா என் பேர்ல போடச் சொல்லு."

வலை பின்னிக்கொண்டிருந்த மூன்று பேர் எழுந்து வந்தார்கள். படி காலியாக ஒன்றேகால் மணி நேரம் ஆனது. எடுத்த மூட்டைகளை வெளியே வாசலில், திறந்த வானத்துக்குக் கீழே அடுக்கினோம். மழை வந்தால் நனையும். நனையட்டும்.

அக்கா கயிற்றை நீட்டினாள். பதினாலு கைகள் பதினாலு முடிச்சைப் பிடித்தன. மேலே போய் எண்ணிவிட்டு எட்டிப் பார்த்து, "சரியா இருக்குடா" என்றாள்.

மாலை 4.30 பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் ஊர்ப் பக்கம் கடலும் இல்லை, அதைப் பற்றிய பயமும் இல்லை. எங்கள் பயமெல்லாம் மழைதான். அந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டுபோய் அவர்கள் படியில் அடுக்கிவிட்டு வந்திருக்கிறோம். பையில் மனு அப்படியே இருந்தது. அதன் பின்பக்கத்தில், மடியில் வைத்துப் புதிதாக ஒரு மனு எழுதினேன்: மூட்டைகளை எங்கள் ஊருக்கே திருப்பி அனுப்புங்கள், எங்கள் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் வைத்துக்கொள்கிறோம். இறங்கியதும் நேராக டீக்கடைக்குப் போனேன். அன்று என்னோடு ரோட்டில் உட்கார்ந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். முதல் கையெழுத்தை நான் போட்டு, பேனாவை நீட்டினேன்.