விதவை கின்ஸியின் விசை

ஆர்வல் கின்ஸிக்கு எந்த இயந்திரத்தையும் இருந்தபடி இருக்கவிட மனசு வராது. போர்ட்டாலெஸ் ஊரில் முப்பத்தொரு வருஷம் தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். ஊசி மாற்றித் தரச் சொல்லி ஒரு மெஷினைக் கொடுத்தால், ஊசியை மாற்றி, மிதியை இளக்கி, கேட்காத நாலு வேலையையும் சேர்த்துச் செய்துதான் திருப்பித் தருவார். பாதிப் பேர் வாழ்த்துவார்கள். மீதிப் பேர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். ஆர்வலின் காதில் வாழ்த்து மட்டும்தான் விழும்.

கடையை ஒரேயடியாக மூடிய பிறகு அந்தக் கை சும்மா இருக்குமா? மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, ஊருக்கு நாற்பது மைல் தள்ளி ஒரு பழைய ஜல்லிக் குழியில் எங்கள் கௌபாய் வேஷத் துப்பாக்கி சுடும் சங்கம் கூடும். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய உடுப்பு, அந்தக் காலத்து மாதிரித் துப்பாக்கி. டைமர் கத்தியதும் இரும்புத் தகடுகளை வரிசையாகச் சுட்டு முடிக்க வேண்டும். தவறிய தகடு ஒவ்வொன்றுக்கும் ஐந்து வினாடி கூடும். இதில் வேகம் என்பது பாதி கையில், பாதி ஸ்பிரிங்கில். ஆகவே எல்லோரும் ஆர்வலைத் தேடி வந்தார்கள். ரைஃபிளின் நெம்புகோல் விரல்முட்டியை உரிக்கிறதென்றால் தோல் சுற்றித் தருவார். கண் மங்கியவருக்குக் குழல் நுனியில் இருக்கும் முன்குறியில் பித்தளை மணி பதிப்பார். தோளில் வலி என்பவருக்குத் துப்பாக்கிக் கட்டையின் அடியில் தோலுறை தைத்துக் கட்டுவார். கம்பெனிக்காரன் லாரிக்குப் போடுவதுபோல் போட்டிருக்கும் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு மெல்லியதாக மாட்டுவார். அவர் கைபட்ட துப்பாக்கிகள் எல்லாம் முதல் ஐந்து இடத்தில் வந்தன. அவர் மட்டும் பதினொன்றாவது இடத்தைத் தாண்டியதில்லை.

சங்கத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயர் கட்டாயம். இவருக்கு பாபின். இவர் மனைவி லவோன் தனக்கு வைத்துக்கொண்டது 'விதவை கின்ஸி'.

"புருஷன் கல்லு மாதிரி நிக்கிறான், என்னம்மா பேரு இது?" என்று டப் ஏன்ஸ்லி முதல் நாளே கேட்டான். கடலைக் காட்டுக்காரன், வாய் நீளம்.

"கடையும் மெஷினும்னு முப்பது வருஷம் கிடந்தானே. அப்ப பழகின பேருய்யா" என்றாள் லவோன்.

சிரித்தார்கள். ஆர்வலும் சிரித்தார். ஆனால் அது உண்மை என்பது அவருக்குத் தெரியும். பிள்ளைகள் தொலைதூரம் போன பின் அந்த வீட்டில் உப்பு எங்கே, பில் எங்கே என்பதைத் தவிரப் பேச்சு கிடையாது. இந்தச் சனிக்கிழமைகள் வந்த பிறகுதான், போக நாற்பது வர நாற்பது என்று எண்பது மைல் இருவரும் வாய் ஓயாமல் பேசினார்கள். பச்சை மிளகாய் போட்ட பரீட்டோ ரொட்டிச் சுருளை வண்டியிலேயே பிய்த்துப் பங்கிட்டார்கள். அறுபத்தாறு வயதில் தன் மனைவி நன்றாக நையாண்டி செய்வாள் என்பதை அந்த மனிதர் கண்டுபிடித்தார். அந்த எண்பது மைலை இழந்தால் தன்னிடம் ஒன்றும் மிஞ்சாது என்று அவர் உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தார்.

நடுங்கக் காரணமும் இருந்தது. லவோனின் கட்டைவிரல்களில் மூட்டுவாதம். எங்கள் ரிவால்வரில் ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால், துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். பிறகுதான் ஆள்காட்டி விரல் அழுத்தும் விசை வேலை செய்யும். போன குளிர்காலத்தில் சுத்தியை இழுக்கும்போதெல்லாம் அவள் கண்ணில் நீர் கோத்தது. அவளே கேட்டாள், ஆர்வல் செய்தார். தாழ்ந்து அகன்ற சுத்தி, அந்தச் சுத்திக்கு மெல்லிய ஸ்பிரிங். வலி பாதியாகக் குறைந்தது. அதோடு நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை லவோன் நூலகத்துக்குப் போயிருந்தபோது இரண்டு ரிவால்வர்களையும் திறந்தார். விசையின் தட்டை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் கம்பி ஸ்பிரிங் மாட்டினார். விசையின் பல்லை எண்ணெய்க் கல்லில் நாலு தேய்ப்பு தேய்த்தார். இனி மூச்சு விட்டால் போதும், சுடும். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். அன்பில் செய்தார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்தவர் கையில் இருக்கும் துப்பாக்கியில் சொல்லாமல் கைவைப்பதற்கு அன்பு ஒரு சாக்கா?

அந்தச் சனிக்கிழமை வண்டியில் லவோன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "ஆர்வல், ஒண்ணு சொல்றேன், குறுக்கே பேசாதே. என்னைக்கு என் குண்டு தகட்டை விட்டுட்டு மண்ணுல இறங்குதோ, அன்னைக்கே பெல்ட்டைக் கழட்டிடுவேன். நாலு பேர் நிக்கிற இடத்துல நான் ஆபத்தா நிக்க மாட்டேன்."

"அதெல்லாம் நடக்காது."

"நடந்தா நீதான் சொல்லணும். அவனுங்க என் மூஞ்சிக்காக விட்டுருவானுங்க."

"சரி" என்றார்.

நாலாவது சுற்றில் அவளுக்கு டைமர் பிடித்தது ஆர்வல்தான். சின்னச் சங்கம், யார் கை காலியோ அவர் பிடிப்பார். தவறிய குண்டை எண்ணப் பின்னால் மூன்று பேர் நிற்பார்கள். அவர்கள் பார்வை தகட்டில். டைமர் பிடிப்பவர் மட்டும் தகட்டைப் பார்க்கக் கூடாது, சுடுபவரின் துப்பாக்கியையே பார்க்க வேண்டும். அதனால் டைமர்காரர் கண்ணில் படுவது பல நேரம் வேறு யார் கண்ணிலும் படாது.

முதல் இரண்டு குண்டும் தகட்டில் மணியடித்தன. மூன்றாவதற்குச் சுத்தியை இழுத்துவிட்டு, மேலே எழும்பிய குழலைக் கீழே கொண்டுவந்தாள். குறிக்கு வரும் வழியில் விரல் விசையில் பட்டது. பழைய விசையாக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இது வெடித்தது. அவள் காலடியிலிருந்து ஏழடி தூரத்தில் ஒரு கைப்பிடி மண் எழும்பி அடங்கியது.

காற்று அந்தத் தூசியையும் கொண்டுபோய்விட்டது. பின்னால் நின்ற மூவரும் ஆளுக்கு ஒரு விரலை உயர்த்தினார்கள். ஒரு தகடு தவறியது, அவ்வளவுதான். ஐந்து வினாடி.

பத்தடிக்குள் குண்டு மண்ணில் இறங்கினால் அந்தச் சுற்று செல்லாது என்பது விதி. ஐந்தடிக்குள் என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே போக வேண்டியதுதான். ஏழடி. ஆர்வல் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. எண்பது மைல் பத்திரமாக இருக்கும். அடுத்த மாதம் அவள் அந்தக் கம்பி ஸ்பிரிங்கோடு மறுபடி இதே இடத்தில் நிற்பாள். அந்த மண் அடுத்த முறை அவள் பாதமாக இருக்கும்.

"நிறுத்து" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "குழலைக் கீழ வை, லவோன். இந்தச் சுற்று செல்லாது. ஏழடியில மண்ணுல போச்சு."

"யோவ் பாபின், என்னய்யா உளர்றே?" டப் பின்னாலிருந்து கத்தினான். "ஒண்ணே ஒண்ணுதான் மிஸ். நாங்க மூணு பேரு பாத்தோம்!"

"நீங்க தகட்டைப் பாத்தீங்க. நான் துப்பாக்கியைப் பாத்தேன்."

லவோன் தோட்டா எடுக்கும் மேசைக்குப் போனாள். ஒவ்வொன்றாக வெளியே தள்ளினாள். பெல்ட்டின் கொக்கியில் கைவைத்தாள். ஆர்வல் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"கழட்டாதே. உன் கை இல்ல அது. நான் விசையை இளக்கிட்டேன். ரெண்டுலயும்."

"எப்போ?"

"செவ்வாக்கிழமை."

"நான் கேட்டேனா?"

"இல்ல."

"சுத்தியை மட்டும்தானே கேட்டேன்?"

"சுத்தியை மட்டும்தான்."

அவள் முகம் சிவந்தது. "மூணாவது குண்டு போனப்ப என்ன நினைச்சேன் தெரியுமா? முடிஞ்சுதுடி லவோன், உன் விரல் செத்துப்போச்சுன்னு நினைச்சேன். நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா சாகுற வரைக்கும் அதையே நம்பியிருப்பேன். வலியைச் சுமக்கிறது நான். எது கனம், எது லேசுன்னு நான் சொல்றேன். உனக்கு என்னய்யா அவசரம்?"

"நீ வராம போயிடுவியோன்னு பயந்தேன்" என்றார் ஆர்வல். சொல்லும்போதே அழுதுவிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதையைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அழுது சொல்லும் மனிதரை என்ன செய்வது?

லவோன் கொக்கியிலிருந்து கையை எடுத்தாள். திரும்பி, "டப்! உன் ரெண்டு ரிவால்வரையும் குடு. இவன் கைபடாதது இங்க அது ஒண்ணுதான்" என்றாள். அப்போது வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேர் தங்கள் உறைகளைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

"குடுக்கிறேன் தாயி. ஆனா கம்பெனி ஸ்பிரிங்கு. எருமைக் கொம்பைப் பிடிச்சு வளைக்கிற மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

ஐந்தாவது சுற்றுக்கு டைமரை யார் பிடிப்பது என்று பார்த்தார்கள். "அவனே பிடிக்கட்டும். துப்பாக்கியைப் பாக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்" என்றாள்.

டைமர் கத்தியது. லவோன் ஒரு கட்டைவிரல் போதாமல் இரண்டையும் சேர்த்துச் சுத்தியில் போட்டாள். பல்லைக் கடித்தாள். இழுத்தாள். சுட்டாள். மறுபடி இரண்டு கட்டைவிரல். நடுவில் ஒருமுறை கையை உதறிவிட்டு, காற்று தொப்பியைத் தூக்கியதைச் சரிசெய்துகொண்டு, தொடர்ந்தாள். யாரும் கேலி பேசவில்லை. பக்கத்தில் நின்ற ஆர்வல், அவள் சொன்னபடி கண்ணை எடுக்காமல் அந்தக் கைகளையே பார்த்தார். எவ்வளவு வலிக்கிறது என்று முதல்முறையாக முழுசாகப் பார்த்தார். குளிர்காலம் முழுக்க அதைப் பார்க்க முடியாமல்தான் துப்பாக்கிகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ரிவால்வர் பத்தும், ரைஃபிள் பத்தும், ஷாட்கன் நாலும் தகட்டில் பட்டன. பின்னால் நின்ற மூவரும் விரலை மடக்கிய கைகளை உயர்த்தினார்கள். ஒன்றும் தவறவில்லை.

"எவ்வளவு?" என்றாள், மூச்சு வாங்க.

ஆர்வல் டைமரைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார். "நூத்திப் பதினேழு வினாடி."

அன்றைக்கு அதுதான் கடைசி இடம். சங்கத்தின் சரித்திரத்திலேயே கடைசி இடமாகவும் இருக்கலாம்.

லவோன் கட்டைவிரல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "அடுத்த மாசம் நூறுக்குள்ள முடிக்கிறேன். வண்டியை எடு, பசிக்குது."