திங்கட்கிழமை மாற்றவிருந்த கூரை

கருங்கல் பக்கத்தில் ரெஜிலாவை அண்டியாபீஸ்காரி என்றால்தான் தெரியும். முப்பது வருடம் முந்திரி ஆலையில் பருப்பு தரம் பிரித்த கை. உடைந்த பருப்பு ஒன்று கண்ணில் பட்டால் போதும், சூப்பர்வைசர் கூடையையே திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பயம் வீட்டு விஷயத்திலும் அவளை விடவில்லை.

கணவர் தாசையனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போய்த் திரும்புவதற்குள் மனுஷன் துவண்டுபோவார். வீட்டை விற்றுவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே குடிபோக வேண்டும். ஆனால் வீடு பார்க்க வந்த இரண்டு பேரும் ஒழுகுகிற ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் ஆளையே காணோம்.

"ஓடெல்லாம் எடுத்திட்டுத் தகடு போட்டா வீடு உடனே போயிரும்க்கா. பழைய மரத்த எனக்குத் தந்திருங்க, கூலியக் குறைச்சுக்கிடுதேன்" என்றான் ஆசாரி ஜெபிஷ். அங்கே அப்படித்தான் பேசி முடிப்பார்கள். கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கவும் துணிந்துவிட்டாள் ரெஜிலா. திங்கட்கிழமை வேலை தொடங்குவதாகப் பேச்சு.

சனிக்கிழமை நல்ல மழை. அந்த மழையிலா தேங்காப்பட்டணத்து ஷாஹினாஸ் வீடு பார்க்க வந்து நிற்க வேண்டும்! நடுவீட்டில் வாளிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரெஜிலாவுக்கு உயிரே போய்விட்டது.

"மழைன்னா இங்க ஒழுகும் மக்கா. திங்கக்கிழம கூரைய மாத்தித் தந்திருவேன்."

ஷாஹினாஸ் பதறிப்போனாள். "அய்யோ, வேண்டாம்க்கா! நாங்க எப்படியும் பிரிச்சிட்டு காங்கிரீட்டுதான் போடப்போறோம். மேல கிடக்கது அத்தனையும் நல்ல வைரம் பாஞ்ச அயனி மரம்லா? கதவு, ஜன்னலுக்கு அது போதுமே. மரத்தோட சேத்து வெல சொல்லுங்க."

அட கடவுளே! சங்கிலியையும் அடகு வைத்து, மரத்தையும் அற்பக் கூலிக் குறைப்புக்குத் தூக்கிக் கொடுக்க அல்லவா இருந்தாள்! விலை பேசி, அட்வான்ஸ் வாங்கியதும் முதல் வேலையாக ஜெபிஷுக்குப் போன் போட்டாள்.

"திங்கக்கிழம நீ வராண்டாம்டே!"

"அப்ப மரம்?"

"ஒரு குச்சி கிடையாது!"

கட்டிலில் கிடந்தபடி தாசையன் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டியளா, இனி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போலாம்" என்றாள் ரெஜிலா.

"அப்ப பஸ்சுல உன் தோள்ல சாஞ்சு உறங்க முடியாதே ஏட்டி."

"வீட்டுல சாஞ்சு உறங்குங்க. யாரு வேண்டாம்னா?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாளி நிறைந்து தரையில் வழிந்தது. வழிந்தால் வழியட்டும் என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.