நாற்பத்திரண்டாவது கோளாறு

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் மார்க் அக்கா. விமான நிறுவனங்களின் கணினிகளுக்குள் திருடன் நுழைவது எவ்வளவு சுலபம் என்று வெளியிலிருந்தே நோட்டம் பார்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது அவள் வேலை. அதற்கு முன் பதினோரு வருடம், விமான நிலையத்தில் காணாமல் போன பெட்டிகளைத் தேடித் தரும் கவுண்டரில் நின்றவள். நின்று நின்று முட்டி தேய்ந்த பிறகு, மாலை வகுப்பில் படித்து இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள்.

அந்த வாரம் ஆறு நிறுவனங்கள். அவர்களே எழுதித் தரும் பாதுகாப்புக் கோளாறுகள் கூடினால் மார்க் குறையும் என்பது கணக்கு. கடைசி இடத்தில், எட்டே விமானங்கள் வைத்திருந்த ஒரு சின்ன நிறுவனம். ஒரே வருடத்தில் நாற்பத்தோரு கோளாறுகளைத் தானே கண்டுபிடித்துத் தானே எழுதிக் கொடுத்திருந்தது. முதலிடத்தில் இருந்த பெரிய நிறுவனம் கொடுத்த எண்ணிக்கை பூஜ்யம். வெள்ளிக்கிழமை பட்டியல் வெளியே போனால், கடைசி இடத்துக்காரரோடு ஒருவர் டிக்கெட்டை ஒருவர் விற்றுக்கொள்ளும் கணினி இணைப்பை மற்றவர்கள் துண்டித்துவிடுவார்கள். இணைப்பு போனால் எட்டு விமானமும் தரையில்தான்.

"கணக்கு அப்படி வருது அக்கா, நாம என்ன பண்றது?" என்றார் மேலாளர். அவளைவிடப் பத்து வயது இளையவர். யாராவது சார் என்று கூப்பிட்டால் நெளிவார்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்றும் சொல்லத் தெரியவில்லை. செருப்புக்குள் புகுந்த பொடிக்கல் மாதிரி அது வீடு வரைக்கும் கூடவே வந்தது.

கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவள் சொன்னதையெல்லாம் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நாப்பத்தோரு ரிப்பேர் எழுதின வண்டிய நான் தைரியமா வெளிய அனுப்புவேன். ஒண்ணுமே எழுதாத வண்டியத்தான் மறுபடி தொறந்து பாப்பேன்."

"அத எப்படிங்க நிரூபிக்கிறது?"

"பரீட்சை வைக்காமயே மார்க் போடுற டீச்சர இப்பத்தான் பாக்குறேன்."

தலையணை உறை பறந்துபோய் அவர் முகத்தில் விழுந்தது. எறிந்த கை அப்படியே நின்றது. அவளுடைய பழைய கவுண்டரில் புகார்ப் பதிவேடு செங்கல் மாதிரி தடித்திருக்கும். அதற்காகவே மாதாமாதம் திட்டு வாங்கினாள். பக்கத்துக் கவுண்டரின் பதிவேடு புத்தம் புதிது. அங்கே வந்தவர்களை 'நாளைக்கு வாங்க' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெட்டிகள் கிடைத்தது என்னவோ தடித்த பதிவேட்டுக்காரர்களுக்குத்தான்.

வியாழன் காலை மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

"ஒரு நாள் குடுங்க தம்பி. நான் நெனக்கிறது தப்பாப் போச்சுன்னா பட்டியல் இப்படியே போகட்டும்."

ஆறு நிறுவனங்களிலும் வெளியிலிருந்தே தெரிகிற சின்ன ஓட்டை தலா ஒன்று அவள் குறிப்பில் இருந்தது. ஒவ்வொருவருக்கும் போன் செய்து, தான் யார் என்று சொல்லி, "உங்க பக்கம் ஒரு கதவு திறந்து கிடக்கு, யார்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பூஜ்ய நிறுவனம் அவளை நாலு பேரிடம் மாற்றிவிட்டது. நடுநடுவே பாட்டு. ஐந்தாவதாக வந்த பெண், "டிக்கெட் கேன்சல் பண்ணணுமா மேடம்?" என்றாள்.

சின்ன நிறுவனத்தில் இரண்டாவது மணியிலேயே ஒரு பொறியாளர் எடுத்தார். "சொல்லுங்க, பேப்பர் எடுத்துட்டேன்." கேட்டு முடிப்பதற்குள், "ஐயையோ! பைலட்டுங்களோட பழைய லாகின் பக்கம். நான்தான் மறந்து தொலைச்சேன். லைன்லயே இருங்க மேடம்." பதினோராவது நிமிடம் கதவு சாத்தியாகிவிட்டது.

மதியம் ஆறு நேரங்களையும் வரிசையாகப் பார்த்த மேலாளர் தலையைச் சொறிந்தார். பிறகு தானே பட்டியலைத் திறந்து ஒரு புது வரிசை சேர்த்தார்: சொன்னால் எவ்வளவு நேரத்தில் அடைக்கிறார்கள். சின்ன நிறுவனம் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. பூஜ்யம் கடைசிக்கு இறங்கியது.

இறங்கியவர்களுக்கும் ஓட்டையை அடைக்க ஒரு நாள் தவணையை மேலாளரிடம் கேட்டு வாங்கி, அதை அவர்களுக்கு எழுதி அனுப்பினாள். வெள்ளி காலை பூஜ்ய நிறுவனத்திலிருந்து ஒருவர், பக்கத்தில் யாரோ இருப்பது போலத் தணிந்த குரலில் போனில் பேசினார். "நேத்து போன் பண்ணது நீங்கதானே? கதவ மூடிட்டோம். அப்புறம்... இந்தக் கோளாறெல்லாம் எழுதி வைக்கிறாங்களே, அத எப்படி ஆரம்பிக்கிறது?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். அவர்களும் ஐந்தாம் இடத்தைப் பிடித்தார்கள். ஆறாவதாக வந்தவர்களுக்கு இணைப்பை வெட்டாமல் மூன்று மாதம் அவகாசம் கொடுக்கலாம் என்று அடியில் ஒரு வரி எழுதினார் மேலாளர்.

அனுப்பும் நேரத்தில் சின்ன நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். கோளாறு எண் நாற்பத்திரண்டு. கண்டு சொன்னவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, அவங்க எண்ணிக்கை இன்னும் ஒண்ணு ஏறிடுச்சே!"

"அதுக்குத்தான் தம்பி மார்க்கே" என்று சொல்லிவிட்டுப் பட்டியலை அனுப்பினாள்.