பின்சந்தில் இருபத்திரண்டு வாசல்கள்

எங்கள் தெருவைத் தெரு இல்லை என்று அலுவலகக் காகிதம் சொல்கிறது. அதில் ‘கழிவுநீர்க் குழாய் பராமரிப்புச் சந்து, பத்தடி’ என்று இருக்கிறது. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். இருந்தாலும் இதை எழுதுகிறவன் நான் என்பதால் தெரு என்றே எழுதப்போகிறேன்.

எங்கள் புதுநகருக்கு என் மூத்த மகளின் வயதுதான். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற பக்கம் அது முன்பு தைலமரக் காடு. மரத்தை வெட்டி, வேரைப் பிடுங்கி, செம்மண்ணில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு ஊரை வரைந்தார்கள். கோடு போட்ட அன்றிலிருந்து நான் அங்கே கொத்தனார். சிமெண்ட் மூட்டை அடுக்கிய கொட்டகைச் சுவரில் ஊரின் வரைபடம் மாட்டியிருந்தது. பூங்காவுக்குப் பச்சை, பள்ளிக்கூடத்துக்கு மஞ்சள், மார்க்கெட்டுக்குச் சிவப்பு, ஆஸ்பத்திரிக்கு ஒரு கூட்டல் குறி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். இப்படி ஓர் ஊர் வரப்போகிறது, அதில் என் கை பட்டிருக்கிறது என்று பெருமையாக இருக்கும்.

முதலில் தண்ணீர்த் தொட்டி வந்தது. தண்ணீர் வர மூன்று கோடை ஆனது. பஸ் நிழற்குடை வந்தது. பஸ் வருகிற வரைக்கும் ஆடுகள் அதில் படுத்துக்கொண்டன. மார்க்கெட்டுக்கு வரிசையாகச் சிமெண்ட் மேடை போட்டோம். ஆனால் அதை வீடுகளிலிருந்து எட்டாத தூரத்தில், ஊரின் கடைசியில் போட்டிருந்தார்கள். கட்டுமாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா ஒருநாள் அந்த மேடையில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, “இங்க காக்காதான் யாவாரத்துக்கு வருது” என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடக்க ஆரம்பித்தார். இன்றைக்கும் அப்படித்தான். பூங்காவும் ஆஸ்பத்திரியும் வரைபடத்தோடு சரி.

வீடுகள் நன்றாகத்தான் கட்டப்பட்டன. நானே சொல்கிறேன். பெரிய ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வரிசை. ஒரு வரிசைக்கு வாசல் வடக்குப் பார்த்தது. எதிர்வரிசைக்குத் தெற்குப் பார்த்தது. தெற்குக் காற்று நேராக வீட்டுக்குள் வரும் என்று வரைந்தவர் கணக்குப் போட்டிருப்பார். காற்று வரத்தான் செய்தது. ஆட்கள்தான் வரவில்லை. வடக்கு வாசல் வீடுகள், வீடு ஒதுக்குகிற குலுக்கல் முடிந்த மாதமே நிரம்பின. தெற்கு வாசல் இருபத்திரண்டும் சாவி வாங்க ஆளில்லாமல் கிடந்தன.

கடைசியில் சவுதியிலிருந்து திரும்பிய ஒருவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பூச்சு வேலை மிச்சம் இருந்ததால் நான் அங்கே நின்றேன். அந்தம்மா நிலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

“இந்த வாசல்ல நான் காலு வைக்க மாட்டேன். பால் காச்சவும் மாட்டேன். நீங்க வேணா உள்ள போயி சவுதின்னு நெனச்சுக்கிட்டு தனியா இருங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “கொத்தனாரே, பின்னாடிச் சுவத்துல ஒரு வாசல் ஒடைக்க முடியுமா?”

உடைத்தேன். பின்பக்கம் அடுப்படி. அதன் சுவரை உடைத்து வடக்குப் பார்த்து நிலை வைத்தேன். அது குழாய்ச் சந்தில் திறந்தது. அப்புறம் ஒவ்வொருவராக வந்து சாவி வாங்கி, ஒவ்வொருவராக என்னைக் கூப்பிட்டார்கள். கடைசி வீட்டை யாரும் கேட்காததால் நானே வாங்கினேன். எனக்கும் என் மனைவி பின்வாசல்தான் கேட்டாள். ஆவூர்ப் பக்கத்திலிருந்து வந்த டீச்சர் மட்டும் முதலில் சிரித்தார். “எங்களுக்கு தெக்கும் வடக்கும் ஒண்ணுதாங்க” என்று தெற்கு வாசலிலேயே ஒரு வருஷம் இருந்தார். பிறகு அவரும் வந்தார். “எல்லாரும் அங்கிட்டு ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்கீங்க. நான் மட்டும் இங்கிட்டு யாருக்குங்க வாசல் தொறந்து வைக்கிறது? வந்து ஒடைங்க.”

அடுப்படி வழியாக நுழைகிற வீட்டில் ஒரு சங்கடம் உண்டு. வருகிறவர் கண்ணில் முதலில் அடுப்புதான் படும். தோசை வேகிறது என்றால் இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே எங்கள் தெருவில் யார் எந்த வீட்டுக்குள் போனாலும் வாயில் ஏதாவது விழாமல் உள்கூடத்துக்குப் போக முடியாது. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவருக்கும் ஒரு வாய் காப்பி உண்டு. அது யாரும் போட்ட சட்டம் இல்லை. சுவரை உடைத்ததில் வந்தது. பழைய தெற்கு வாசலை எல்லாரும் வெளிப்பக்கம் செங்கல் வைத்து அடைத்துவிட்டோம். உள்பக்கம் மிஞ்சிய பள்ளம் சாமி படத்துக்குச் சரியாக இருந்தது. டீச்சர் வீட்டில் அங்கே மாதா நிற்கிறார்.

போன வருஷம் ஊரின் இரண்டாம் பகுதியைக் கட்டத் தொடங்கினார்கள். சந்தின் ஓரமாக நீளச் சுவர் வரும், பின்வாசல்கள் எல்லாம் விதிமீறல், அடைக்க வேண்டும் என்று இருபத்திரண்டு கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். இளவயதுப் பொறியாளர் ஒருவர் வந்தார். மரியாதையான பிள்ளை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அண்ணே, இதெல்லாம் நீங்க ஒடைச்சதுன்னு சொன்னாங்க. அப்ப நீங்களே அடைச்சுக் குடுத்துருங்க. வெளியாளு வந்தா சனங்க சண்டைக்கு வருவாங்க. ஒங்களைன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

எனக்குப் பிறவியிலிருந்தே கூச்சம். நாலு பேர் நின்றால் பேச்சு வராது. அன்றைக்கு ஒரே ஒருவர்தான் நின்றார். அப்படியும் ஒன்றும் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து என் வீட்டு முன்னாலேயே லாரியில் செங்கல் வந்து இறங்கியது.

தெரு முழுக்கப் பார்த்தது. என் மனைவி கேட்டாள், “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒங்களுக்கு யாரு ட்யூஷன் எடுக்கணும்?” மீன்கார அம்மா என் வாசலில் மட்டும் கூடையை இறக்காமல் போனார். டீச்சர் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று முன்பே சொல்லியிருந்ததால் போனேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு, “குழா அங்க இருக்குங்க” என்று மட்டும் சொன்னார். குழாயைச் சரிசெய்துவிட்டு வெறும் வாயோடு வெளியே வந்தேன். அந்தத் தெருவில் அப்படி வந்தவன் நான் ஒருவன்தான்.

திங்கட்கிழமை காலையில் பொறியாளர் வந்தார். செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் வரைபடத்தைக் காரின் மேல் விரித்தார். வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

“நான் அடைக்க மாட்டேங்க.”

“அன்னிக்கி சரின்னீங்களே அண்ணே?”

“ஒண்ணும் சொல்லலைங்க. பேசாம நின்னேன். அது என் தப்பு. இப்பச் சொல்றேன். அடைக்க மாட்டேன்.”

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. நிறுத்தினால் மறுபடி வராது என்ற பயத்தில் தொடர்ந்து பேசினேன். “உள்ள வந்து பாருங்க” என்று சவுதிக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அந்தம்மா தட்டில் ஒரு தோசையை வைத்து நீட்டினார். “டியூட்டில இருக்கேம்மா” என்றார் பொறியாளர். “தோசையும் டியூட்டிதான், சாப்பிடுங்க தம்பி” என்றார் அந்தம்மா. அவர் தட்டோடு நிற்க, பழைய வாசலைக் காட்டினேன். முருகன் படமும் விளக்கும் இருந்தன.

“பின்வாசலை அடைச்சா இந்த வீட்டுக்கு இதுதாங்க வாசல். சாமியை எங்க வைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க.”

பின்னாலேயே வந்த டீச்சர் சொன்னார், “எங்க மாதா கோவிச்சுக்க மாட்டாங்க சார், நகந்து நிப்பாங்க. ஆனா அந்த ரோட்டுல கல்லு லாரி போற போக்கைப் பாத்தீங்களா? பிள்ளைங்க வாசலை விட்டு ஒரு எட்டு வச்சா டயருதான். இங்கிட்டு ஒரு சைக்கிளு கூட மணியடிச்சுத்தான் வருது.”

“எனக்குப் புரியுதுங்க. ஆனா பிளான்ல இங்க தெருவே இல்லையே.”

“பிளான்ல ஆஸ்பத்திரி இருக்குதுங்க” என்றேன். “பார்க்கு இருக்குது. சுவத்துல மாட்டியிருந்தப்ப தினமும் பாத்தேன். அந்தப் பச்சையும் கூட்டல் குறியும் எங்கன்னு யாராச்சும் நோட்டீஸ் ஒட்டுனீங்களா? நாங்க கட்டிக்கிட்டது மட்டும் எப்படி விதிமீறல் ஆச்சு?”

அடுப்படி வாசலில் வந்து எட்டிப் பார்த்தவர்கள் யாரும் கை தட்டவில்லை. மீன்கார அம்மா மட்டும், “அட, பேசுது பாரு” என்றார்.

பொறியாளர் தோசையை முடித்துக் கை கழுவினார். தன் கையில் ஒன்றும் இல்லை, எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புகிறேன் என்றார். அன்று மத்தியானமே நான் எழுதினேன். கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதியதைத் தவிர நான் பேனா பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. டீச்சர் பிழை திருத்தினார். ‘தாழ்மையுடன்’ என்று ஆரம்பிக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். ‘இது தெரு. இருபத்திரண்டு குடும்பம் இதன் வழியாகத்தான் வீட்டுக்குள் போகிறோம். வரைபடத்தில் இதைச் சேர்க்க வேண்டும்’ என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். செங்கல்லை அலுவலகத்து ஆட்களே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மேலேயிருந்து பதில் வரவில்லை. போன மாதம் வந்து இரண்டாவது நோட்டீஸ் ஒட்டினார்கள். முதல் நோட்டீஸில் இருந்த அதே வரிகள்தான், தேதி மட்டும் வேறு. அன்று சாயங்காலமே ஜல்லி போட்டு, என் வாசலுக்கு ஒரு படி கட்டினேன். அதுவரைக்கும் அங்கே படி இல்லை, வெறும் பலகைக்கல்தான். மறுநாள் சவுதிக்காரர் வீட்டில் கூப்பிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் டீச்சர். நேற்றோடு பதினேழு படி ஆகிவிட்டது. குழாய் மூடிகளை ஒன்றைக்கூட மறைக்கவில்லை. குழாய் பார்க்க வருகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், காப்பி உண்டு. மீதி ஐந்து வீட்டுக்கும் இந்த வாரம் கட்டிவிடுவேன். சுவர் வைக்க வருகிறவர்கள் சந்து முனையில் இருக்கிற என் படியைத்தான் முதலில் உடைக்க வேண்டியிருக்கும். அதில் நான் உட்கார்ந்திருப்பேன்.